செயவென் எச்சமும் தொழிற்பெயரும்: ஆங்கில வினைவடிவத் தேர்வுக்குத் தமிழ் இலக்கணம் காட்டும் வழி

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் ஒரு வினையை அடுத்து மற்றொரு வினை வரும்போது அது ‘டு’ என்னும் சொல்லோடு கூடிய எச்ச வடிவில் வருமா, ‘இங்’ ஈறு பெற்ற பெயர் வடிவில் வருமா என்பது தமிழ்வழியில் பயின்றோர் பலருக்குத் தீராத ஐயமாக உள்ளது. இதனை மனப்பாடப் பட்டியல்களால் கற்பிப்பதே வழக்கம். தொல்காப்பியமும் நன்னூலும் வினை, பெயர், எச்சம் ஆகியவற்றுக்கு வகுத்த வரையறைகளைக் கொண்டே இவ்வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்கலாம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. வேற்றுமை ஏற்றல், காலம், வினைமுதல் ஆகிய மூன்றும் சோதனைகளாகக் கொள்ளப்படுகின்றன. இச்சோதனைகள் பொருந்தாத இடங்களும் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: செயவென் எச்சம், தொழிற்பெயர், செயற்கு, வேற்றுமை, வினைமுதல், ஒப்பிலக்கணம்.

1. முன்னுரை

தமிழாய்வாளர் தம் ஆய்வைத் தமிழில் எழுதினாலும் அதன் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் தரவேண்டியுள்ளது. அவ்விடத்தில் இரண்டு தொடர்கள் அடிக்கடி பிழைபடுகின்றன. ‘திஸ் ஆர்ட்டிகிள் எய்ம்ஸ் அட் டு ஃபைண்ட்’ என்பது ஒன்று; ‘வித் எ வியூ டு ஃபைண்ட்’ என்பது மற்றொன்று. முன்னதை ‘எய்ம்ஸ் டு ஃபைண்ட்’ என்றோ ‘எய்ம்ஸ் அட் ஃபைண்டிங்’ என்றோ எழுதவேண்டும். பின்னது ‘வித் எ வியூ டு ஃபைண்டிங்’ என வருதலே மரபு. பல ஆண்டு உழைப்பில் உருவான ஆய்வின் முதற்பக்கத்திலேயே இத்தகைய பிழை நிற்குமாயின், தமிழறியாத மதிப்பீட்டாளர் ஆய்வின் தரத்தையே ஐயுற நேரிடும்.

பயண இலக்கியத்தால் உலக நாடுகளைத் தமிழர்க்கு அறிமுகப்படுத்திய சோமலெ (1921-1986) பிறந்த ஊர் நெற்குப்பை. செட்டிநாட்டைச் சேர்ந்த அவ்வூரில் தமிழ்வழியில் பயிலும் மாணவர் சிலருக்கு இக்கட்டுரையாளர் ஆங்கிலப் பாடம் சொல்லிக்கொடுத்தபோது, மேற்கண்ட பிழைகளின் எளிய வடிவங்களையே அவர்தம் ஏடுகளிலும் காண நேர்ந்தது. ‘ஐ என்ஜாய் டு ரீட்’, ‘ஹி கேம் ஃபார் ஸ்டடியிங்’, ‘ஐ வான்ட் தட் யூ கம்’ என்பன அவற்றுட் சில. பள்ளி மாணவரும் முனைவர்ப்பட்ட ஆய்வாளரும் ஒரே இடத்தில் தடுமாறுவதால், இப்பிழைக்குக் கவனக்குறைவைக் காரணமாகக் கூற இயலாது. இரு மொழிகளின் அமைப்பு எங்கு ஒத்து எங்கு வேறுபடுகிறது என்பது விளக்கப்படாமையே காரணம் எனலாம்.

இக்கட்டுரையில் இன்ஃபினிட்டிவ் எனப்படுவது ‘டு-எச்சம்’ என்றும், ஜெரண்ட் எனப்படுவது ‘இங்-பெயர்’ என்றும் குறிக்கப்பெறும்.

2. தமிழ் இலக்கணம் தரும் அடிப்படை

வினைச்சொல்லின் இலக்கணத்தைத் தொல்காப்பியர் வினையியலின் தொடக்கத்தில் இரண்டு கூறுகளால் வரையறுக்கிறார். வினை வேற்றுமை கொள்ளாது, காலத்தோடு தோன்றும். பெயரின் இலக்கணம் இதன் மறுதலை. அது வேற்றுமை ஏற்கும், காலம் காட்டாது. தொழிலொடு பொருந்திய பெயர் மட்டும் காலம் காட்டுதற்கு உரியது என்பது வேற்றுமையியலில் கூறப்படும் விலக்கு.

வினையெச்சத்திற்குத் தொல்காப்பியர் செய்து, செய்யூ, செய்பு, செய்தென, செய்யியர், செய்யிய, செயின், செய, செயற்கு என ஒன்பது வாய்பாடுகளைத் தருகிறார். நன்னூலார் செய்யா, வான், பான், பாக்கு ஆகியவற்றையும் சேர்த்துப் பன்னிரண்டாகக் கொள்கிறார். நன்னூலாரின் பட்டியலில் செயற்கு இடம்பெறவில்லை. இவ்வேறுபாடு நம் ஆய்வுக்குப் பயன்படுவதாகலின் பின்னர் விளக்கப்படும்.

தொழிற்பெயர் தல், அல், அம், ஐ, கை, பு, சி முதலிய விகுதிகளால் அமைவது. இக்கால உரைநடையில் ‘செய்தல்’ என்பதைக் காட்டிலும் ‘செய்வது’, ‘செய்தது’ என்னும் வடிவங்களே தொழிலின் பெயராகப் பெரிதும் வழங்குகின்றன. இவை வேற்றுமை உருபையும் ஏற்கின்றன, காலத்தையும் காட்டுகின்றன.

மேலைநாட்டு அறிஞருள் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் செயவென் எச்சத்தை இன்ஃபினிட்டிவ் என்றே குறித்தார். தாமஸ் லேமன் 1989இல் வெளியிட்ட இக்காலத் தமிழ் இலக்கணமும் அப்பெயரையே கையாள்கிறது. இப்பெயரீடு வசதியானதே எனினும், ‘செய’ வரும் இடமெல்லாம் ‘டு’ வரும் என்னும் தவறான எண்ணத்திற்கும் அது இடமளித்துள்ளது. ‘மழை பெய்யக் கண்மாய் நிறைந்தது’ என்பதில் செயவென் எச்சம் காரணப் பொருளில் வந்தது. ‘பொழுது சாய வீடு திரும்பினான்’ என்பதில் உடனிகழ்ச்சியைக் காட்டியது. ‘பாடம் கேட்க வந்தான்’ என்பதில் நோக்கத்தை உணர்த்தியது. இம்மூன்றனுள் ‘டு’ பெறுவது மூன்றாவது மட்டுமே. முதலிரண்டும் ஆங்கிலத்தில் ‘பிகாஸ்’, ‘ஆஸ்’ போன்ற இணைப்புச் சொற்களால் தனி வாக்கியக் கூறுகளாகவே அமையும்.

3. ‘செயற்கு’ என்னும் வாய்பாடும் ‘டு’ என்னும் சொல்லும்

‘செயற்கு’ என்பதனை வடிவநிலையில் நோக்கின், செயல் என்னும் தொழிற்பெயரோடு நான்காம் வேற்றுமைக்குரிய ‘கு’ சேர்ந்திருப்பது புலனாகும். எனினும் தொல்காப்பியர் இதனை உருபேற்ற பெயராகக் கருதாது வினையெச்சமாகவே கொண்டார். அது வாக்கியத்தில் ஆற்றும் பணி எச்சத்தின் பணியாதலின் அவர் கொள்கை பொருத்தமுடையதே.

ஆங்கில ‘டு’வின் வரலாறும் இவ்வாறே அமைந்தது. பழைய ஆங்கிலத்தில் இன்ஃபினிட்டிவ் இருவகையில் வழங்கியது. ஒன்று ‘டு’ இன்றித் தனித்து வருவது. மற்றொன்று ‘டு’ என்னும் முன்னிடைச்சொல்லை முன்னே பெற்று, நான்காம் வேற்றுமை ஈற்றோடு வருவது. பின்னதன் முதற்பொருள் நோக்கமே. காலப்போக்கில் வேற்றுமை ஈறுகள் தேய்ந்தன. ‘டு’ தன் இடப்பொருளை இழந்து எச்சக் குறியாக நிலைத்தது. ‘இங்’ ஈறோ தொடக்கத்தில் வினையிலிருந்து பெயரை ஆக்கும் விகுதியாக இருந்து, பின்னர்ச் செயப்படுபொருள் கொள்ளுதல் முதலிய வினைத் தன்மைகளையும் பெற்றது. ஆகவே டு-எச்சத்தைச் செயற்கு என்பதனோடும், இங்-பெயரைத் தொழிற்பெயரோடும் ஒப்புநோக்குவதற்கு வரலாற்று நிலையிலும் இடமுண்டு.

இவ்வொப்புமை ஒரு பிழையின் காரணத்தையும் விளக்குகிறது. ‘படிப்பதற்கு வந்தான்’ என்பதிலுள்ள ‘கு’வை ‘ஃபார்’ எனப் பெயர்க்கும் மாணவர் ‘ஹி கேம் ஃபார் ஸ்டடியிங்’ என எழுதுகின்றனர். ஈண்டு ‘படிப்பதற்கு’ என்பதனைப் பொருள் மாறாமல் ‘படிக்க’ என மாற்றலாம். அவ்வாறு மாற்ற இயலுமிடத்து ஆங்கிலம் ‘டு ஸ்டடி’ என டு-எச்சத்தையே கொள்ளும். ‘அரிவாள்மனை காய் நறுக்குவதற்கு உரியது’ என்பதில் அத்தகைய மாற்றம் இயலாது. அது ஒருவர் நோக்கத்தைக் கூறாமல் கருவியின் பயனைக் கூறுகிறது. அங்கு ‘ஃபார் கட்டிங்’ என்பதே பொருந்தும்.

4. முதற் சோதனை: வேற்றுமை

தமிழில் எச்சத்தின்மேல் வேற்றுமை உருபு ஏறாது. ‘படிக்கவை’, ‘படிக்கவில்’ என யாரும் கூறுவதில்லை. உருபு வேண்டுமாயின் ‘படிப்பதை’, ‘படிப்பதில்’ எனப் பெயராக்கிய பின்னரே சேர்க்கவேண்டும். ஆங்கிலத்தில் வேற்றுமை உருபின் பணியைப் பெரும்பாலும் முன்னிடைச்சொற்கள் செய்கின்றன. அவற்றின்பின் வரும் வினையும் பெயராகவே நிற்கவேண்டும். ஆதலின் அட், இன், ஆஃப், ஃப்ரம், வித்தவுட் ஆகியவற்றின்பின் டு-எச்சம் வராது, இங்-பெயரே வரும். ‘எய்ம்ஸ் அட் டு ஃபைண்ட்’ என்பது ‘காணவை நோக்கி’ என்பதனை ஒத்த வழுவாகும்.

‘வித் எ வியூ டு’ என்பதிலுள்ள ‘டு’ மேலும் நுட்பமானது. ஆங்கிலத்தில் எச்சக் குறியாகிய ‘டு’வும், உருபின் பணி செய்யும் ‘டு’வும் வடிவால் ஒன்று, பணியால் வேறு. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. ‘டு’வின்பின் வினை நிற்குமிடத்தில் ஒரு பெயரை வைத்துப் பார்க்கவேண்டும். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு தி மீட்டிங்’ எனக் கூறலாம். ‘வான்ட் டு தி மீட்டிங்’ எனக் கூறலாகாது. பெயரை ஏற்கும் முன்னது உருபு. ஆகவே ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’ என்பதே வழாநிலை. தமிழிலும் ‘உங்களைச் சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்’ எனப் பெயரே வருதல் காண்க. ‘ஐ யூஸ்டு டு கோ’ என்பது முன்பு போகும் வழக்கமிருந்ததைக் கூறும் எச்சத் தொடர். ‘ஐ ஆம் யூஸ்டு டு கோயிங்’ என்பது போவது பழகிவிட்டதைக் கூறும் பெயர்த் தொடர்.

முன்னிடைச்சொல் இல்லாமல் வினையை அடுத்து நேரே மற்றொரு வினை வருமிடத்தும் இச்சோதனை பெரிதும் உதவும். முதல்வினைக்கு நேரான தமிழ்வினை எதனை வேண்டி நிற்கிறது என்று பார்க்கவேண்டும். வர விரும்பினான், வர முயன்றான், நீந்தக் கற்றான் என எச்சம் வேண்டுமிடங்களில் வான்ட், டிரை, லேர்ன் ஆகியன டு-எச்சம் கொள்கின்றன. பேசுவதைத் தவிர்த்தான், படிப்பதில் மகிழ்ந்தான் என உருபேற்ற பெயர் வேண்டுமிடங்களில் அவாய்டு, என்ஜாய் ஆகியன இங்-பெயர் கொள்கின்றன.

ஒரே தமிழ்வினை இருவகையும் கொள்ளும் இடங்கள் இதனினும் தெளிவானவை. ‘பணம் வாங்க மறுத்தான்’ என்பதும் ‘பணம் வாங்கியதை மறுத்தான்’ என்பதும் வேறு வேறு செய்திகள். முன்னதில் பணம் கைமாறவில்லை. பின்னதில் வாங்கியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவன் அதனை இல்லையென்கிறான். ஆங்கிலம் இவற்றுக்கு இரண்டு வினைகளைக் கொண்டுள்ளது: ‘ரெஃப்யூஸ்டு டு டேக்’, ‘டினைடு டேக்கிங்’. வினை மாறினாலும் எச்சத்துக்கு எச்சமும் பெயருக்குப் பெயருமே நேராக வந்துள்ளன. ‘தர ஒப்பினான்’, ‘வாங்கியதை ஒப்புக்கொண்டான்’ என்பனவும் ‘அக்ரீடு டு கிவ்’, ‘அட்மிட்டட் டேக்கிங்’ என அவ்வாறே அமையும். இவ்வேறுபாட்டை உணர எத்தமிழ் மாணவர்க்கும் புதிய பயிற்சி வேண்டியதில்லை. அதனை எடுத்துக்காட்டும் ஆசிரியரே வேண்டும்.

5. இரண்டாம் சோதனை: காலம்

நோக்கப் பொருளில் வரும் செயவென் எச்சம் முற்றுவினையை நோக்க இனி நிகழவேண்டிய தொழிலையே சுட்டும். ‘வீட்டைப் பூட்ட மறந்தார்’ எனின் பூட்டுதல் நிகழவில்லை. ‘வீட்டைப் பூட்டியதை மறந்தார்’ எனின் நிகழ்ந்துவிட்டது. பல கட்டும் பல கதவும் உடைய செட்டிநாட்டு வீடொன்றைப் பூட்டிவிட்டுப் பேருந்தேறிய ஒருவர்க்கு இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவு சிறிதன்று. முன்னது வீடு திறந்து கிடக்கும் செய்தி. பின்னது வீண் கவலை மட்டுமே.

ஆங்கிலத்தில் ‘ரிமெம்பர்’ என்னும் வினை இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும். ‘ஐ ரிமெம்பர்டு டு லாக் தி ஹவுஸ்’ என்பதன் பொருள் மறவாமல் பூட்டினேன் என்பது. நினைவு முந்தியது, பூட்டுதல் பிந்தியது. ‘ஐ ரிமெம்பர் லாக்கிங் தி ஹவுஸ்’ என்பதன் பொருள் பூட்டியது நினைவிருக்கிறது என்பது. பூட்டுதல் முந்தியது, நினைவு பிந்தியது. ‘ரிக்ரெட்’ என்பதும் இத்தகையதே. ‘ஐ ரிக்ரெட் டு சே’ என்பவர் இனிமேல்தான் வருத்தச் செய்தியைக் கூறப்போகிறார். ‘ஐ ரிக்ரெட் சேயிங்’ என்பவர் முன்பு கூறிவிட்டதற்கு வருந்துகிறார்.

மொழியியலாரும் இவ்வழியில் சிந்தித்துள்ளனர். டுவைட் பாலிங்கர் 1968இல் எழுதிய கட்டுரையில் இன்ஃபினிட்டிவ் நிகழக்கூடியதையும், ஜெரண்ட் நிகழ்வாகக் கருதப்பட்டதையும் உணர்த்தும் போக்குடையன எனக் கருதினார். பால் கிப்பார்ஸ்கி, கரோல் கிப்பார்ஸ்கி ஆகியோர் 1970இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு செய்தியை உண்மையெனக் கொண்டு பேசும் வினைகள் ஜெரண்டை ஏற்பதனை விளக்கியது.

தமிழ் இங்கு ஆங்கிலத்தினும் ஒருபடி தெளிவுடையது. ‘இங்’ என்னும் ஈறு தானே காலம் காட்டாது. ‘செய்வது’, ‘செய்தது’ என்பன காட்டும். எனவே ‘ரிமெம்பர் லாக்கிங்’ என்பதைப் ‘பூட்டியது’ என்றும், ‘என்ஜாய் ரீடிங்’ என்பதைப் ‘படிப்பது’ என்றும் பிரித்துப் பெயர்த்தல் மொழிபெயர்ப்பாளர் கடமை.

காலச் சோதனை துணைச் சோதனையே ஆகும். ‘பேசுவதைத் தவிர்த்தான்’ என்பதில் பேச்சு நிகழவேயில்லை. ஆயினும் ஆங்கிலத்தில் இங்-பெயரே வருகிறது. ‘மேனேஜ்டு டு பாஸ்’ என்பதில் தேர்ச்சி நிகழ்ந்துவிட்டது. ஆயினும் டு-எச்சம் வருகிறது. இவ்விரு சோதனைகளும் முரணுமிடத்து வேற்றுமைச் சோதனையை முதன்மையாகக் கொள்ளுதல் நலம்.

6. மூன்றாம் சோதனை: வினைமுதல்

செய்து, செய்யூ, செய்பு என்னும் மூன்றும் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்றும், ஏனைய எச்சங்கள் பிற வினைமுதலின் வினையையும் கொண்டு முடியும் என்றும் தொல்காப்பியர் வேறுபடுத்துகிறார். செயவென் எச்சம் இரண்டாவது வகையினது. ‘அவனைப் போகச் சொன்னேன்’ என்பதில் சொன்னவர் வேறு, போகவேண்டியவர் வேறு. ஆங்கிலமும் ‘ஐ டோல்ட் ஹிம் டு கோ’ என இதனை ஒத்து அமைகிறது.

‘விரும்பு’ என்னும் வினையில் இரு மொழிகளும் பிரிகின்றன. வினைமுதல் ஒன்றாயின் ‘போக விரும்புகிறேன்’ என்பதும் ‘ஐ வான்ட் டு கோ’ என்பதும் ஒக்கும். வினைமுதல் வேறாயின் தமிழ் ‘அவன் போகவேண்டும் என விரும்புகிறேன்’ என இடையில் முற்றுவினையை அமைத்து ‘என’ என்னும் இடைச்சொல்லால் இணைக்கிறது. ஆங்கிலமோ ‘ஐ வான்ட் ஹிம் டு கோ’ என எச்சத்தையே தொடர்கிறது. ‘ஐ வான்ட் தட் யூ கம்’ என்னும் பிழை தமிழின் ‘என’ என்பதைத் ‘தட்’ எனப் பெயர்த்ததால் விளைந்தது. மாணவர் தம் தாய்மொழி இலக்கணத்தைச் சரியாகப் பின்பற்றியே இங்கு வழுவுகின்றனர் என்பதை ஆசிரியர் உணரின், திருத்தும் முறையும் மாறும்.

இங்-பெயரின் வினைமுதல் வேறாயின் அது ஆறாம் வேற்றுமைப் பொருளில் ‘ஹிஸ் கமிங்’ என வரும். தமிழில் ‘அவனது வருகை’ என்பது இதற்கு நேரானது; ‘அவன் வந்தது’ என்பதில் எழுவாய் திரியாது நிற்கும்.

7. ஒப்புமை பொருந்தாத இடங்கள்

தமிழ் செய்தென் எச்சத்தைக் கையாளும் சில இடங்களில் ஆங்கிலம் இங்-பெயரை வேண்டும். அவை தனித்துக் கற்பிக்கப்பட வேண்டியவை.

அ. ‘எழுதி முடித்தான்’: ‘ஃபினிஷ்டு ரைட்டிங்’. ‘ஃபினிஷ்டு டு ரைட்’ என்பது வழு.

ஆ. ‘திறந்து பார்த்தான்’: ‘டிரைடு ஓப்பனிங்’. திறந்தால் பயன் விளையுமா என்று அறியத் திறந்தான் என்பது பொருள். ‘திறக்க முயன்றான்’ எனின் ‘டிரைடு டு ஓப்பன்’; திறத்தலே அரிதாயிருந்தது என்பது குறிப்பு.

இ. ‘ஸ்டாப்’ என்னும் வினை. ‘பேச நின்றான்’ எனின் ‘ஸ்டாப்டு டு டாக்’. ‘பேசுவதை நிறுத்தினான்’ எனின் ‘ஸ்டாப்டு டாக்கிங்’. ஈண்டுத் தமிழ் தன்வினையையும் பிறவினையையும் தனித்தனியே ஆள்கிறது. ஆங்கிலம் ஒரே வினையை வைத்துக்கொண்டு, பின்வரும் வடிவத்தால் பொருளை வேறுபடுத்துகிறது.

ஈ. ‘வருவதாக வாக்களித்தான்’ என்பதில் தமிழ் ‘ஆக’ ஈற்றுப் பெயரை ஆள, ஆங்கிலம் ‘பிராமிஸ்டு டு கம்’ என டு-எச்சம் கொள்ளும்.

உ. பிகின், ஸ்டார்ட் போன்ற வினைகள் பொருள் பெரிதும் வேறுபடாமல் இருவடிவும் ஏற்கும். தமிழில் ‘பேசத் தொடங்கினான்’ என எச்சமே இயல்பான வழக்கு.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு: உருபின் பணி செய்யும் சொல்லின்பின் எச்சம் வராது, பெயரே வரும் என்னும் விதி இரு மொழிக்கும் பொது. நோக்கத்தையும் இனி நிகழ்வதையும் சுட்டும் செயவென் எச்சம் டு-எச்சத்தோடும், நிகழ்ந்ததைச் சுட்டும் ‘செய்தது’ என்னும் வடிவம் இங்-பெயரோடும் பெரும்பாலும் ஒத்துச் செல்லும். வினைமுதல் வேறாகுமிடத்தும், தமிழ் செய்தென் எச்சத்தைக் கையாளுமிடத்தும் இவ்வொப்புமை நெகிழும். ஆகவே பட்டியலாக மனத்திற்கொள்ள வேண்டியவை இவ்விறுதிப் பகுதியைச் சார்ந்தனவே.

தமிழிலக்கணம் பயின்றவர் ஆங்கில இலக்கணத்தின்முன் வெறுங்கையராய் நிற்பதில்லை. வேற்றுமை ஏலாமையும் காலம் காட்டலும் வினையின் இலக்கணம் என அறிந்தவர், ‘எய்ம்ஸ் அட் டு ஃபைண்ட்’ என்னும் தொடர் ஏன் வழுவாகிறது என்பதைத் தாமே கூறவல்லவர். ‘வாங்க மறுத்தான்’, ‘வாங்கியதை மறுத்தான்’ என்பவற்றை ஒருபோதும் மாற்றிக் கூறாத நெற்குப்பை மாணவரும் அவ்வேறுபாட்டை முன்பே அறிந்தவர். தமிழ்த்துறைகளின் ஒப்பிலக்கணப் பாடத்திலும் பள்ளி ஆங்கில வகுப்பிலும் இவ்வறிவிலிருந்து தொடங்கும் பாடங்களை அமைப்பின், கற்பித்தல் எளிதாகும். அப்பாடங்களுக்கு வேண்டிய வினைகளை மறு, மற, ஒப்பு, நிறுத்து எனத் தமிழ்வினை வாரியாகத் தொகுப்பது இவ்வாய்வை அடுத்துச் செய்யத்தக்க பணியாகும்.